ரயில் போனது, தெரு நின்றது

அமெரிக்காவின் ஆக்டன் நகரில் ஒரே ஒரு தெரு சொல்லும் 150 ஆண்டுக் கதை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டிக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ஆக்டன். 2020 கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 87,000 சொச்சம் பேர்தான். கிழக்கே வாசாட்ச் மலைத்தொடர். மேற்கே பரந்து கிடக்கும் உப்பு ஏரி. இரண்டுக்கும் இடையே அமைந்த இந்த ஊரின் பழைய ரயில் நிலையத்தின் வாசலிலிருந்து மலையை நோக்கி நேராக ஓடுகிறது 25ஆவது தெரு.

நிலையத்திலிருந்து வாஷிங்டன் புல்வார்டு வரை நடந்தால் மூன்றே மூன்று தெருத்தொகுதிகள். இருபுறமும் இரண்டு, மூன்று மாடிச் செங்கல் கட்டடங்கள். கீழே உணவகம், காப்பிக் கடை, ஓவியக்கூடம். மேலே ஒரு காலத்தில் பயணிகள் தங்கிய அறைகள். பத்து நிமிடத்தில் நடந்து முடித்துவிடலாம். ஆனால், அமெரிக்க மேற்குப் பகுதியின் எழுச்சி, இனப் பாகுபாடு, மதுவிலக்கு, உலகப் போர், நெடுஞ்சாலைகளின் வருகை என எல்லாவற்றின் தடயமும் இந்தப் பத்து நிமிட நடையில் இருக்கிறது.

பழைய கட்டடத்தை இடிப்பதா, காப்பதா? காப்பதென்றால் அதில் யாருடைய கதையைச் சொல்வது? மரபுடைமை பற்றிப் பேசும் எந்த ஊரிலும் எழும் இக்கேள்விகளுக்கு ஆக்டன் தன் அனுபவத்தில் பதில் தேடியிருக்கிறது.

நிலம் கொடுத்து வாங்கிய ரயில்

1869ஆம் ஆண்டு மே 10ஆம் தேதி. கிழக்கிலிருந்து யூனியன் பசிபிக் நிறுவனமும் மேற்கிலிருந்து சென்ட்ரல் பசிபிக் நிறுவனமும் போட்டுவந்த தண்டவாளங்கள் யூட்டாவின் புரமோன்டரி என்ற மேட்டில் இணைந்தன. பல மாதங்கள் பிடித்த பயணம் ஏறத்தாழ ஒரு வாரமாகச் சுருங்கியது. இணைப்பின் அடையாளமாகத் தங்க ஆணி வைக்கப்பட்ட காட்சி அமெரிக்கப் பாடநூல்களில் தவறாமல் இடம்பெறும் ஒன்று.

ஆனால் புரமோன்டரி தண்ணீர் வசதிகூடச் சரியாக இல்லாத வறண்ட இடம். இரு நிறுவனங்களின் ரயில்களும் நாள்தோறும் சந்திக்க, பயணிகள் இறங்கி ஏற, எஞ்சின்களைப் பழுதுபார்க்க ஒரு நல்ல ஊர் தேவைப்பட்டது. அந்த வாய்ப்புக்கு இரண்டு ஊர்கள் போட்டியிட்டன. ஒன்று, ரயிலை நம்பியே 1869இல் புதிதாக முளைத்த கோரின். மற்றொன்று, மோர்மன் சமயத்தினர் விவசாயம் செய்து வாழ்ந்த ஆக்டன்.

மோர்மன் தலைவர் பிரிகம் யங் இதில் கணக்குப் போட்டுச் செயல்பட்டார். நிலையத்துக்கும் பணிமனைகளுக்கும் தேவையான நிலத்தை விட்டுக்கொடுக்குமாறு ஆக்டன் நிலவுடைமையாளர்களைக் கேட்டுக்கொண்டார். ரயில் நிறுவனங்களுக்கு நிலம் கைகூடியது. ஆக்டனுக்குச் சந்திப்பு நிலையம் கிடைத்தது. 1870 ஜனவரியில் ஆக்டனையும் சால்ட் லேக் சிட்டியையும் இணைக்கும் கிளைப்பாதையும் திறக்கப்பட்டது. கோரின் நாளடைவில் சுருங்கிப் போனது.

புவியியல் மட்டும் ஓர் ஊரின் வளர்ச்சியைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. சரியான நேரத்தில் எடுத்த ஒரு முடிவு அடுத்த நூறு ஆண்டுகளுக்கு ஆக்டனுக்குச் சோறு போட்டது. 1870இல் ஏறக்குறைய 3,000 பேர் வாழ்ந்த ஊரில் 1930இல் 40,000க்கும் அதிகமானோர் இருந்தனர்.

காத்திருப்பு உருவாக்கிய கடைத்தெரு

அக்காலத்தில் கிழக்கிலிருந்து வரும் பயணி ஒரே பெட்டியில் உட்கார்ந்து கலிஃபோர்னியா போய்விட முடியாது. ஆக்டனில் இறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் அடுத்த நிறுவனத்தின் ரயிலுக்கு மாற வேண்டும். சிலருக்கு ஒரு மணி நேரக் காத்திருப்பு. சிலருக்கு ஓர் இரவு. அந்தக் காத்திருப்புதான் 25ஆவது தெருவின் முதலீடு.

பசித்தவருக்கு உணவகம், களைத்தவருக்கு விடுதி, தாடி வளர்ந்தவருக்கு முடிதிருத்தகம், அழுக்குத் துணிக்குச் சலவைக்கடை. நிலையத்தின் எதிரே ஒன்றன்பின் ஒன்றாகக் கடைகள் முளைத்தன. முதலில் ஐந்தாவது தெரு என்றிருந்த பெயர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தெருக்களுக்குப் புதிய எண்கள் வழங்கப்பட்டபோது 25ஆவது தெரு என மாறியது.

பயணிகளை மட்டும் நம்பி ஆக்டன் வளரவில்லை. கலிஃபோர்னியாவின் பழங்களும் காய்கறிகளும் கிழக்கு நகரங்களுக்குச் செல்லும் வழியில் இங்கே நிற்கும. குளிர்பதன இயந்திரம் வராத காலம் அது. பெட்டிகளின் கூரைத் திறப்புகள் வழியாகப் பெரிய பனிக்கட்டிகளைக் கொட்டித்தான் சரக்கைக் குளிராக வைத்திருந்தார்கள். வழியில் உருகிய பனிக்கட்டியை மீண்டும் நிரப்பும் வேலைக்கு ஆக்டனில் பெரிய பனிக்கட்டி ஆலையே இயங்கியது. கால்நடைச் சந்தை, மாவு ஆலைகள், உணவை டப்பாவில் அடைக்கும் ஆலைகள் ஆகியவையும் ரயிலை ஒட்டியே தோன்றின.

1904இல் உப்பு ஏரியின் குறுக்கே புதிய பாதை திறக்கப்பட்டது. தூரம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் குறைந்தது. ஆக்டனுக்கு முக்கியத்துவம் கூடியது. தங்க ஆணியின் புரமோன்டரியோ ஓரங்கட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், இரும்புத் தேவைக்காக அங்கிருந்த தண்டவாளங்களையே பெயர்த்தெடுத்துவிட்டார்கள். ரயிலால் புகழ்பெற்ற இடத்தை ரயிலே கைவிட்ட கதை அது. அதே கதி தனக்கும் வரும் என்று அன்றைய ஆக்டன் நினைத்திருக்காது.

கதையா, வரலாறா?

இன்றைய நிலையக் கட்டடம் 1924இல் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய கட்டடம் 1923இல் தீக்கிரையானது. போர்க்காலத்தில் ராணுவ வீரர்களும் சரக்குகளும் இவ்வழியே சென்றபோது, நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட ரயில்கள் ஆக்டனைக் கடந்தன.

கையில் சம்பளம், அடுத்த ரயிலுக்குச் சில மணி நேரம், தெரிந்தவர் யாருமில்லாத ஊர். இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கலாம். சூதாட்ட விடுதிகள், கள்ளச்சாராயம், பாலியல் தொழில் என்று 25ஆவது தெருவுக்குக் கெட்ட பெயரும் சேர்ந்தது. மக்கள் அதை ‘டூ பிட் ஸ்ட்ரீட்’ என்று அழைத்தார்கள். பேச்சுவழக்கில் ‘டூ பிட்’ என்றால் 25 காசு. எண்ணையும் தரத்தையும் ஒருசேரக் கிண்டல் செய்யும் பட்டப்பெயர் அது.

யூட்டா 1917இலேயே மதுவை விலக்கிய மாநிலம். நாடு முழுவதும் மதுவிலக்கு வந்தது 1920இல். சட்டம் கடுமையாக இருந்தபோதும் இந்தத் தெருவில் சாராயம் கிடைக்காமல் போகவில்லை. 1933 டிசம்பரில் மதுவிலக்கை நீக்கும் சட்டத் திருத்தத்துக்கு 36ஆவது மாநிலமாக ஒப்புதல் தந்து அதை நிறைவேறச் செய்ததும் இதே யூட்டாதான் என்பது வரலாற்றின் வேடிக்கை.

இந்தத் தெருவைச் சுற்றிக் கட்டுக்கதைகளும் ஏராளம். தெருவுக்கு அடியில் ரகசியச் சுரங்கப்பாதைகள் இருந்தனவாம். சிகாகோவின் குற்றக் கும்பல் தலைவன் அல் கபோன் ரயிலை விட்டு இறங்கி, சற்று நடந்து பார்த்துவிட்டு, “இந்த ஊர் எனக்கே அதிகம்” என்ற பாணியில் ஏதோ சொல்லித் திரும்பிவிட்டானாம். சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லச் சுவையான கதைகள்தாம். ஆனால் உறுதியான ஆவணச் சான்று இவற்றுக்கு இல்லை. வரலாறு பயிலும் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. சுவையான கதை சத்தமாகப் பேசும். அதன் இரைச்சலில் உண்மையாக அங்கு வாழ்ந்தவர்களின் குரல் கேட்காமல் போய்விடும்.

பெட்டி சுமந்தவர்கள்

யார் அந்த உண்மையான மனிதர்கள்?

முதலாவதாக, சீனத் தொழிலாளர்கள். சென்ட்ரல் பசிபிக் பாதையைப் போட்டவர்களில் பெரும்பான்மையினர் அவர்களே. பாறையை வெடிவைத்துத் தகர்த்து, பனிமலையைக் குடைந்து வழி அமைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். 1869 ஏப்ரல் 28ஆம் தேதி ஒரே நாளில் 16 கிலோமீட்டருக்குத் தண்டவாளம் போட்டு ஒரு சாதனை படைக்கப்பட்டது. அன்று தண்டவாளங்களைத் தூக்கி வைத்த எட்டு ஐரிஷ் தொழிலாளர்களின் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. அவர்களோடு உழைத்த சீனர்களின் பெயர்கள் பதிவாகவில்லை.

பாதை முடிந்ததும் சீனர்களில் சிலர் ஆக்டனிலேயே தங்கினர். நிலையத்தை ஒட்டிய பகுதியில் சலவைக்கடைகளும் உணவகங்களும் நடத்தினர். 1882இல் சீனர்கள் குடியேறுவதைத் தடுக்கும் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றியது. தங்கள் கையால் போட்ட பாதையில் வந்துசேரத் தங்கள் உறவினர்களுக்கே அனுமதி இல்லாத நிலை. அந்தச் சின்னஞ்சிறு சீனர் குடியிருப்பு மெல்ல மறைந்தது.

இரண்டாவதாக, ரயிலில் வேலை பார்த்த கறுப்பினத்தவர்கள். புல்மேன் நிறுவனத்தின் படுக்கை வசதிப் பெட்டிகளில் படுக்கை விரிப்பதும், காலணிக்கு மெருகு போடுவதும், பெட்டி தூக்குவதும் அவர்களின் வேலை. மாதத்துக்கு 400 மணி நேரம் வரை உழைத்தார்கள். பயணிகள் பலர் அவர்களின் சொந்தப் பெயரைக் கேட்டதுகூட இல்லை. நிறுவனர் ஜார்ஜ் புல்மேனின் பெயரால் எல்லாரையும் ‘ஜார்ஜ்’ என்றே அழைத்தார்கள். 1925இல் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் தொழிற்சங்கம் அமைத்து, 12 ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1937இல் நிறுவனத்துடன் ஒப்பந்தம் கண்டார்கள். அமெரிக்கக் குடியுரிமை இயக்கத்துக்கு அடித்தளமிட்ட அமைப்புகளில் அந்தச் சங்கமும் ஒன்று.

ஆக்டனில் ரயிலைவிட்டு இறங்கிய கறுப்பின ஊழியர்களுக்கு வெள்ளையர் விடுதிகளில் அறை கிடையாது. அவர்கள் தங்குவதற்கென்று 25ஆவது தெருவிலேயே உருவானதுதான் ‘போர்ட்டர்ஸ் அண்ட் வெய்ட்டர்ஸ் கிளப்’. பில்லி வீக்லி நடத்திய அந்த இடத்தில், பிறகு அவருடைய மனைவி அன்னபெல் ஜாஸ் இசை அரங்கையும் உருவாக்கினார். கிழக்குக்கும் மேற்குக்கும் ரயிலில் போய்வந்த இசைக்கலைஞர்கள் வழியில் இறங்கி இங்கே வாசித்தார்கள். ஒதுக்கப்பட்டவர்கள் உருவாக்கிய இடத்துக்கு, இசை கேட்பதற்காக மற்றவர்களும் தேடி வந்தார்கள்.

அந்த அரங்கின் நாயகர் சாக்ஸஃபோன் கலைஞர் ஜோ மெக்குவீன். 1945 டிசம்பரில் இசைக்குழுவோடு ஆக்டனுக்கு வந்தார். குழுவின் பணத்தை உடன் வந்த ஒருவர் சூதாட்டத்தில் தொலைத்துவிட, ஊர் திரும்ப வழியில்லாமல் போயிற்று. அப்படித் தங்கியவர் ஆக்டனையே சொந்த ஊராக்கிக்கொண்டார். கறுப்பினத்தவரை உள்ளே விடாத அரங்குகளில் வாசிக்க அவர் மறுத்ததை ஊர் இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. 2019இல், தம் 100ஆவது வயதில் அவர் காலமானார்.

நிலையம் வெறிச்சோடியது

1950களிலிருந்து நிலைமை மாறியது. நீராவி எஞ்சின் போய் டீசல் எஞ்சின் வந்தது. அதற்கு அடிக்கடி தண்ணீரும் பழுதுபார்ப்பும் தேவையில்லை. பணிமனைகளில் வேலை குறைந்தது. 1956இல் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைத் திட்டம் சட்டமானது. மக்கள் காருக்கும் விமானத்துக்கும் மாறினர். சரக்குகள் லாரிக்கு மாறின. காத்திருக்கும் பயணி இல்லையென்றால் காத்திருப்பை நம்பிய தெருவுக்கு என்ன வேலை? விடுதிகள் மூடப்பட்டன, கட்டடங்கள் பாழடைந்தன. 1997இல் நெடுந்தூரப் பயணிகள் ரயில் சேவையும் ஆக்டனில் நின்றுபோனது.

இங்கேதான் ஆக்டன் இரண்டு வழிகளையும் முயன்று பார்த்தது.

ஒரு வழி, பழையதை அகற்றிவிட்டுப் புதிதாகக் கட்டுவது. நகர மையத்தில் பழைய கட்டடங்களை இடித்து, 1980இல் ஒரு பெரிய பேரங்காடி திறக்கப்பட்டது. ஊருக்கு மீண்டும் உயிர் வரும் என்று எதிர்பார்த்தார்கள். அது நிலைத்தது ஏறத்தாழ 20 ஆண்டுகள் மட்டுமே. வாடிக்கையாளர் குறைந்து, 2000களின் தொடக்கத்தில் அந்தப் பேரங்காடியும் இடிக்கப்பட்டது. அதே இடத்தில் பின்னர் எழுந்த வணிக வளாகத்துக்கு ‘தி ஜங்ஷன்’ என்று, ரயில் சந்திப்பை நினைவூட்டும் பெயரையே சூட்டினார்கள்.

இன்னொரு வழி, இருப்பதைக் காத்து அதற்குப் புதிய வேலை கொடுப்பது. 1971இல் யூனியன் ஸ்டேஷன் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்ந்தது. 1970களின் இறுதியில் அது அரும்பொருளகமாக மாறியது. 25ஆவது தெருவின் கீழ்ப்பகுதியும் வரலாற்று வட்டாரமாகப் பதிவானது. வரிசையாக நின்ற பழைய விடுதிகளும் கடைகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் புதுப்பிக்கப்பட்டன. யாரும் சீந்தாத காலத்தில் இடித்துக் கட்டப் பணம் போட ஆளில்லாமல் போனதும் அவை தப்பியதற்கு ஒரு காரணம்.

2008இல் ஆக்டனுக்கும் சால்ட் லேக் சிட்டிக்கும் இடையே ‘ஃபிரன்ட்ரன்னர்’ என்னும் புறநகர் ரயில் ஓடத் தொடங்கியது. பழைய நிலையத்துக்கு அருகிலேயே அதன் நிறுத்தம். ரயிலை விட்டு இறங்குவோர் மீண்டும் 25ஆவது தெருவில் கால் வைக்கிறார்கள்.

யாருடைய தெரு?

நூற்றாண்டு கண்ட செங்கல் கட்டடங்கள் நிற்கின்றன. புத்தம் புதிதாகக் கட்டிய பேரங்காடி போய்விட்டது. இந்தக் கணக்கை மட்டும் பார்த்து ‘பழையது எல்லாம் நல்லது’ என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கட்டடம் காக்கப்பட்டாலும் அதற்குள் வாழ்ந்தவர்களின் நினைவு தானாகக் காக்கப்படுவதில்லை. ஒரு விடுதியின் முகப்பை மெருகேற்றிவிடலாம். அந்த விடுதி யாருக்கு அறை தர மறுத்தது என்பதை முகப்பு சொல்லாது. போர்ட்டர்கள் தங்கிய கிளப் இன்று இயங்கவில்லை. சீனர் குடியிருப்பும் இல்லை.

இவற்றை மீட்க வேறு வேலை தேவைப்படுகிறது. ஆக்டனிலுள்ள வீபர் மாநிலப் பல்கலைக்கழகம், ஊர் மக்களின் வாய்மொழி வரலாறுகளைப் பதிவுசெய்து தன் ஆவணக் காப்பகத்தில் வைத்திருக்கிறது. யூனியன் ஸ்டேஷனின் பெரிய கூடத்தில் எட்வர்ட் லேனிங் தீட்டிய சுவரோவியங்களில் பாதை போட்ட தொழிலாளர்கள் இடம்பெற்றிருக்கிறார்கள். 2014இல் அமெரிக்கத் தொழிலாளர் துறை தன் கௌரவப் பட்டியலில் சீன ரயில் தொழிலாளர்களைச் சேர்த்தது. 2019இல் புரமோன்டரியில் 150ஆம் ஆண்டு விழா நடந்தபோது அவர்களின் வழித்தோன்றல்கள் மேடையில் சிறப்பிக்கப்பட்டனர். தாமதமான மரியாதைதான். ஆனால் அது தானாக வந்ததன்று. யாரோ பழைய சம்பளப் பட்டியலைப் புரட்டினார்கள். யாரோ ஒரு முதியவரிடம் உட்கார்ந்து பேசினார்கள்.

இளையர்களால் செய்யக்கூடிய வேலையும் இதுதான். கட்டடத்தைக் காப்பது அரசாங்கத்தின், நகர மன்றத்தின் கையில் இருக்கலாம். அதன் கதையைக் கேட்டு எழுதிவைக்கப் பெரிய பதவி எதுவும் வேண்டாம். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யத் தெரிந்தால் போதும். உங்கள் ஊரின் பழைய கடைத்தெருவிலோ நிலையத்திலோ வேலை பார்த்த ஒரு பெரியவர் இன்னும் இருக்கிறார் என்றால், அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளுக்குக் காலம் அதிகம் காத்திருக்காது.

காலக்கோடு

1869: புரமோன்டரியில் கிழக்கு, மேற்குப் பாதைகள் இணைந்தன
1870: ஆக்டன் – சால்ட் லேக் சிட்டி கிளைப்பாதை திறப்பு
1904: உப்பு ஏரியின் குறுக்கே புதிய பாதை
1924: இன்றைய யூனியன் ஸ்டேஷன் திறப்பு
1937: புல்மேன் ஊழியர்களின் சங்கம் நிறுவனத்துடன் ஒப்பந்தம்
1971: யூனியன் ஸ்டேஷன் தேசியப் பதிவேட்டில் சேர்ப்பு
1997: நெடுந்தூரப் பயணிகள் ரயில் சேவை நிறுத்தம்
2008: புறநகர் ரயில் தொடக்கம்

கலந்துரையாடுவோம்

1. ஒரே ஒரு தொழிலை நம்பி வளரும் ஊர், அத்தொழில் மாறும்போது எப்படித் தயாராக இருக்கலாம்?
2. பழைய தெரு அழகுபெற்றதும் வாடகை உயர்ந்து, அங்கு முன்பு வாழ்ந்தவர்கள் வெளியேற நேர்ந்தால், அதை வெற்றி என்று சொல்லலாமா?
3. சான்றில்லாத சுவையான கதைகளைச் சுற்றுலாவுக்காகச் சொல்வது சரியா? உங்கள் கருத்துக்குக் காரணம் தருக.